கடன் அட்டையின் தற்காலிக வரம்பு உயர்வு

திருமணம், மருத்துவமனை முன்பணம், கல்லூரிச் சேர்க்கை எனப் பெருஞ்செலவு நேரும்போது, கடன் அட்டையின் வரம்பைச் சில காலத்திற்கு மட்டும் உயர்த்தித் தருமாறு வங்கியைக் கேட்கலாம். தோட்டப்புற வாசகர்களுக்கும் இன்று பயன்படக்கூடிய இவ்வசதியின் நடைமுறையை இங்கு விளக்குகிறோம்.

ஆண்டுக்கு 24,000 வெள்ளியேனும் வருமானம் உடையோரே கடன் அட்டை பெறலாம் என்பது 2011ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா அறிவித்த விதியாகும். வருமானம் 36,000 வெள்ளிக்கு மேற்படாதோர்க்கு ஒரு வங்கி அளிக்கும் வரம்பு, மாத வருமானத்தின் இரு மடங்கைத் தாண்டலாகாது.

உயர்வு வேண்டுவோர் வங்கியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். முன்னைய பாக்கிகளை நாள் தவறாது செலுத்தியுள்ளோமா என்பதை ஆராய்ந்தே வங்கி முடிவு செய்யும். உயர்வு பெரும்பாலும் ஓரிரு மாதங்களுக்கே கிடைக்கும். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்போர் பலர். எந்த நாளில் முடியும் என்று கேட்போர் சிலரே. சிக்கல் அந்த நாளில்தான் தொடங்குகிறது.

மாதம் 2,500 வெள்ளி சம்பளம் பெறும் ஒருவரின் வரம்பு 3,000 வெள்ளி என்று கொள்வோம். மகள் திருமணத்திற்காக அது 5,000 வெள்ளியாக உயர்கிறது. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையாகிய 5 விழுக்காட்டை மட்டும் கட்டி வருகிறார். உயர்வுக் காலம் முடியும் நாளில் 4,500 வெள்ளி பாக்கி நிற்கிறது. வரம்போ தானாகவே 3,000க்குத் திரும்பிவிடுகிறது. மிகுதியான 1,500 வெள்ளியை ஒரே தவணையில் செலுத்தும்படி வங்கி கேட்கலாம். வழக்கமான 5 விழுக்காடும் அதனுடன் சேரும். சம்பளத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியெனில், 4,500 வெள்ளிக்கு மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 67 வெள்ளி 50 காசு. தோட்டத்து மளிகைக் கடைக்காரராயின் அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுத்திருப்பார். வங்கியின் கணினிக்கு அந்தத் தாட்சணியம் இல்லை.

ஆகவே, உயர்வு முடியுமுன் மிகுதித் தொகையை அடைக்கப் பணம் வரும் வழி தெரிந்தால் மட்டுமே இதனைக் கேட்பது தக்கது. கூட்டுப்பணம் கைக்கு வரும் மாதம், சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை முதலியன அத்தகைய வழிகள். வழியில்லையெனில், செலவைத் தவணைத் திட்டமாக மாற்ற இயலுமா என்று காலம் முடியுமுன்னரே வங்கியிடம் கேட்டல் வேண்டும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தலை அறவே தவிர்ப்பீர். அதற்கு வட்டியில்லா நாள் ஒன்றுகூடக் கிடையாது.

கடன் ஏற்கெனவே மீறிவிட்டவர்கள், 2006ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஏ.கே.பி.கே. நிறுவனத்தை அணுகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கியிலிருந்து வந்த கணக்கறிக்கைகளையும் சம்பளச் சீட்டையும் உடன் கொண்டு செல்க.