உஷார்! பிறந்த தேதியையே மறைக்கும் பிரைவசி காயின்கள்

அனுப்பியவர் யார், வாங்கியவர் யார், தொகை எவ்வளவு, எதுவுமே வெளியே தெரியாது என்று சொல்லி ஒரு கிரிப்டோ காயினை உங்கள் முன் யாராவது நீட்டினால், பர்ஸைத் திறப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். இதை உருவாக்கியவர் கையில் எவ்வளவு இருக்கிறது?

பிட்காயினில் இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும். அதன் கணக்கேடு உலகம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. எந்த முகவரியில் எத்தனை காயின் தூங்குகிறது, எப்போது நகர்ந்தது என்று யாரும் பார்க்கலாம். பிரைவசி காயினில் அப்படி முடியாது. உங்கள் செலவைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்கும் அதே கணிதம், உருவாக்கியவரின் கையிருப்பை உங்கள் கண்ணிலிருந்தும் மறைத்துவிடும். அதனால்தான் இந்த வகைக் காயின்களில் பிறப்பு வரலாறு மற்றவற்றைவிடப் பல மடங்கு முக்கியம். அந்த வரலாற்றிலேயே கை வைத்திருக்கிறார்கள் என்ற பலமான சந்தேகம் பத்தாண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் பலருக்கு அது தெரிவதே இல்லை.

பைட்காயினை எடுத்துக்கொள்வோம். பிட்காயின் அல்ல, பைட்காயின். 2014-ன் தொடக்கத்தில் இது பொதுவெளிக்கு வந்தது. ‘கிரிப்டோநோட்’ என்ற புதிய தொழில்நுட்பத்தின் மேல் எழுந்த முதல் காயின் இதுதான். ஒருவர் பணம் அனுப்பும்போது, அவருடைய கையொப்பம் வேறு சிலருடைய பழைய பரிவர்த்தனைகளோடு கலந்துவிடும். கூட்டத்தில் உண்மையாக அனுப்பியவர் யார் என்று பிரித்தெடுக்க முடியாது. பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் புதிய ஒருமுறை முகவரி. இந்தத் தொழில்நுட்பம் அசலானது. அதை உருவாக்கியவர்கள் திறமைசாலிகள் என்பதை அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

சிக்கல் அறிமுகத்தில் இருந்தது. இந்தக் காயின் புதிதல்ல, 2012 ஜூலை 4 முதலே ‘டீப் வெப்’ எனப்படும் இணையத்தின் மறைவான பகுதியில் புழக்கத்தில் இருக்கிறது என்றார்கள். மொத்தம் உருவாகக்கூடியது சுமார் 18,446 கோடி காயின்கள். பொதுமக்கள் காதுக்குச் செய்தி எட்டியபோது அதில் ஏறத்தாழ 82 சதவீதம் ஏற்கெனவே வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது (கணினியை ஓட்டிப் புதுக் காயின் உருவாக்குவதைத்தான் ‘வெட்டுவது’, ‘மைனிங்’ என்கிறார்கள்). இரண்டு ஆண்டுகளாக யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்த காயின் என்றால், யாரோ எங்கோ அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும், விற்றிருக்க வேண்டும், சண்டை போட்டிருக்க வேண்டும். தேடியவர்களுக்கு நம்பத்தகுந்த சுயேச்சையான சாட்சி ஒன்றும் சிக்கவில்லை.

பிளாக்செயினில் தேதி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஏமாறும் இடம் அதுதான். பலர் போட்டியிட்டு மைனிங் செய்யும்போது ஒருவர் பொய்த் தேதி போட்டால் மற்றவர்களின் கணினி நிராகரித்துவிடும். ஒரே ஆள் தனியாக உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தால் யார் நிராகரிப்பது? இரண்டு ஆண்டு வரலாற்றைச் சில வாரங்களில் தயாரித்துவிட முடியும். பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ அதன் முதல் பிளாக்கில் 2009 ஜனவரி 3 தேதியிட்ட லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழின் தலைப்புச் செய்தியைப் பதித்து வைத்தார். அந்த நாளுக்கு முன்னால் இரகசியமாக வெட்டத் தொடங்கியிருக்க முடியாது என்பதற்கு அது எல்லோரும் சரிபார்க்கக்கூடிய ஆதாரம். பைட்காயினின் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த மாதிரி உறுதியான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை.

கிரிப்டோநோட்டின் ஒயிட் பேப்பர் மீதும் இதே சந்தேகம் விழுந்தது. நிக்கோலஸ் வான் சேபர்ஹேகன் என்ற பெயரில் வெளிவந்த ஆவணம் அது. அந்தப் பெயருக்கு உரியவர் யாரென்று இன்றுவரை வெளியாகவில்லை. முதல் பதிப்பில் 2012 டிசம்பர் 12, இரண்டாம் பதிப்பில் 2013 அக்டோபர் 17 என்று தேதி இருக்கிறது. 2014 ஆகஸ்டில் புனைபெயரில் ஒருவர் நீண்ட ஆய்வை வெளியிட்டார். ஆவணக் கோப்புகளுக்குள் இருக்கும் தடயங்கள் மேலே எழுதிய தேதியோடு பொருந்தவில்லை, பின்னாளில் தயாரித்து முன்தேதி இட்டிருக்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. பைட்காயின் தரப்பு மறுத்தது. சுயேச்சையான தீர்ப்பு யாரும் வழங்கவில்லை. வழங்க எந்த அமைப்புக்கும் அதிகாரமும் இல்லை.

நம்மூர் வாசகருக்கு இது புரியாத விஷயமல்ல. லே-அவுட் போட்டவர் நூறு மனையில் எண்பத்திரண்டைப் பழைய தேதி முத்திரைத்தாளில் தன் ஆட்கள் பெயருக்கு எழுதிக்கொண்டு, மிச்சம் பதினெட்டுக்குத் துண்டறிக்கை அச்சடித்தால் எப்படியோ அப்படி. வித்தியாசம் ஒன்றுதான். மனை என்றால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கலாம். இங்கே பதிவு அலுவலகமே கிடையாது.

கோட் பற்றிய சங்கதி இன்னும் கவலை தருவது. கிரிப்டோநோட்டோடு வெளியிடப்பட்ட மைனிங் நிரல், தேவையில்லாத வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி எழுதப்பட்டிருந்தது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர் டேவிட் ஆண்டர்சன் அதைப் பிரித்து ஆராய்ந்தார். அவர் விளக்கியதைப் படித்தால், தற்செயலாக நேரும் பிழை இவ்வளவு இருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியாது. நிரலைச் செம்மைப்படுத்தினால் அதே கணினி பல மடங்கு வேகமாக வெட்டும். அப்படியானால் செம்மையான நிரல் முதல் நாளிலிருந்தே யாரிடமாவது இருந்ததா? இருந்திருந்தால், பொதுமக்கள் தத்தித்தத்தி நடந்த பாதையில் அவர்கள் வண்டியில் போயிருப்பார்கள். அது திறந்த மூலக் கோட் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லோர் கண் முன்னாலும் கிடந்தது, ஆனால் வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் வந்து சேரும்வரை யாருக்கும் தெரியவில்லை. ‘ஓப்பன் சோர்ஸ், அதனால் பயமில்லை’ என்று சொல்பவரிடம் அடுத்து கேட்க வேண்டியது, வாசித்தவர் யார் என்பது.

பைட்காயினிலிருந்து பிரிந்ததுதான் மோனரோ. 2014 ஏப்ரல் 18 அன்று புனைபெயரில் இயங்கிய ஒருவர் ‘பிட்மோனரோ’ என்று தொடங்கினார். முன்கூட்டியே வெட்டி வைத்தது இல்லாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதவு திறப்பதே நோக்கம். சில நாட்களிலேயே அவருடைய முடிவுகள் சேர்ந்து வேலை செய்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவரை விட்டுவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு, பெயரைச் சுருக்கி அவர்கள் தனியாக நடந்தார்கள். தொடங்கியவர் பிறகு காணாமல் போனார். காயின் நிலைத்தது. என் மதிப்பீட்டில் மோனரோவைக் காப்பாற்றியது அதன் கணிதத்தைவிட இந்தச் சம்பவம்தான்: தொடங்கியவரை வெளியே நிறுத்தக் கூட்டத்தால் முடிந்தது. இருந்தாலும் அதுவும் முழுக்கக் கறையற்றது என்று நான் எழுத மாட்டேன். அந்த மெதுவான மைனிங் நிரலை அதுவும் சுமந்துதான் பிறந்தது. தொடக்க வாரங்களில் வேகமான நிரல் வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட எவ்வளவு அதிகம் அள்ளினார்கள் என்பதைக் கணக்கெடுக்க வழியில்லை.

டாஷ் காயினின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014 ஜனவரி 18 அன்று எவான் டஃப்ஃபீல்ட் ‘எக்ஸ்காயின்’ என்ற பெயரில் தொடங்கினார். பிறகு ‘டார்க்காயின்’, 2015-ல் ‘டாஷ்’. முதல் இரண்டு நாட்களுக்குள் சுமார் 19 லட்சம் காயின்கள் வெளிவந்துவிட்டன. அது என்றென்றைக்குமாக உருவாகக்கூடிய மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கோட்டில் நேர்ந்த பிழை என்று விளக்கம் தரப்பட்டது. பிழையாகவே இருக்கட்டும். அந்தக் காயின்கள் திரும்பப் பெறப்படவில்லை.

ஜீகேஷ் இதற்கு நேர் எதிர் வகை. உருவாக்கியவர்கள் பெயரோடு, முகத்தோடு, நிறுவனத்தோடு வந்தார்கள். முதல் நான்கு ஆண்டுகளில் வெட்டப்படுவதில் 20 சதவீதம் நிறுவனர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, சொல்லிவிட்டுச் செய்தார்கள். ஆனால் 2016 அக்டோபரில் அது தொடங்கும்போது ஒரு விசித்திரமான சடங்கு தேவைப்பட்டது. அமைப்பின் அடிப்படை எண்களை உருவாக்கும்போது இரகசிய எண் ஒன்று மிச்சப்படும். அது யாரிடமாவது முழுதாக இருந்தால் அவர் இஷ்டத்துக்குக் கள்ளக் காயின் அடிக்கலாம், வெளியே தெரியவே தெரியாது. அதனால் ஆறு பேர் வெவ்வேறு இடங்களில் இருந்து ஆளுக்கொரு துண்டை உருவாக்கி, பிறகு தங்கள் துண்டை அழித்தார்கள். ஒருவர் நேர்மையாக அழித்திருந்தாலே போதும், அமைப்பு தப்பிக்கும். அவர்களில் ஒருவர், அமெரிக்க உளவு இரகசியங்களை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் என்பது 2022-ல்தான் வெளியே வந்தது. அவ்வளவு காலமும் வேறொரு பெயர்தான் அங்கே இருந்தது.

சடங்கில் தவறு நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. அச்சம் வேறு திசையிலிருந்து வந்தது. 2018 மார்ச்சில் அந்நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், அமைப்பு நம்பியிருந்த கணித ஆய்வுக் கட்டுரையிலேயே ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைப் பயன்படுத்திக் கள்ளக் காயின் அடிக்க முடியும். நான்கு பேருக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாக வைத்து, அக்டோபரில் நடந்த மேம்படுத்தலோடு சத்தமில்லாமல் அடைத்தார்கள். உலகத்துக்குச் சொன்னது 2019 பிப்ரவரியில். யாரும் பயன்படுத்தியதற்கான அடையாளம் இல்லை என்றார்கள், நான் அதை நம்புகிறேன். ஆனால் கவனியுங்கள்: ஏறக்குறைய எட்டு மாதம், அந்தக் காயினை வைத்திருந்த அத்தனை பேரின் பணமும் நான்கு பேரின் நாணயத்தின் மேல் நின்றது. அவர்கள் நல்லவர்கள். எல்லாக் காயினுக்கும் அப்படிப்பட்ட நான்கு பேர் வாய்ப்பார்களா?

வாய்க்கவில்லை. 2017 பிப்ரவரியில் ஜீகாயின் என்ற வேறொரு பிரைவசி காயினில், கோட்டில் ஒரே ஒரு எழுத்து கூடுதலாக விழுந்ததை யாரோ கண்டுகொண்டு சுமார் 3,70,000 காயின்களைச் சும்மா உருவாக்கி, பெரும்பாலானவற்றை விற்றும்விட்டார். அதே ஆண்டு கிரிப்டோநோட் அடிப்படையிலேயே ஒரு பிழையை மோனரோ டெவலப்பர்கள் கண்டுபிடித்து, தங்களுடையதை அடைத்துவிட்டு மற்றவர்களுக்கும் தகவல் கொடுத்தார்கள். பைட்காயினில் அந்த ஓட்டை வழியாக அதற்குள் காயின்கள் முளைத்திருந்தன.

அந்தப் பைட்காயின்தான் 2018 மே 8 அன்று பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில் பட்டியலிடப்பட்டது. 82 சதவீதச் சர்ச்சை, முன்தேதிச் சர்ச்சை, கள்ளக் காயின் சம்பவம் எல்லாம் பொதுவெளியில் கிடந்த பிறகு! விலை மளமளவென்று ஏறியது. நெட்வொர்க் திணறியது, காயினை அனுப்ப முடியாமல் பலர் தவித்தார்கள், விலை விழுந்தது. உச்சியில் விற்றது யார்? பார்க்க முடியாது. பார்க்க முடியாதபடி கட்டப்பட்டதுதானே. பின்னர் பைனான்ஸ் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பெரிய எக்ஸ்சேஞ்ச் சேர்த்திருக்கிறது என்பதை யாரேனும் நற்சான்றாகக் காட்டினால் இந்தச் சம்பவத்தை நினைவில் வையுங்கள்.

புனைபெயர் என்றாலே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. சதோஷியும் புனைபெயர்தான். 2019 ஜனவரியில் தொடங்கிய ‘கிரின்’ காயினின் மூலவர்கள் ஹாரி பாட்டர் கதையிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டு வந்தவர்கள். தங்களுக்கென்று ஒரு காயினும் முன்கூட்டி ஒதுக்கிக்கொள்ளவில்லை. அந்தரங்கம் வேண்டும் என்று நினைப்பதும் குற்றமல்ல. தன் சம்பளத்தையும் மருந்துச் செலவையும் ஊரே பார்க்க வேண்டாம் என்று ஒருவர் விரும்புவது நியாயம். அந்த நியாயமான விருப்பத்தைப் பயன்படுத்தி உள்ளே நுழைபவர்களைப் பற்றித்தான் எச்சரிக்கிறேன்.

பிறப்பு சுத்தமாக இருந்தாலும் ஆபத்து தீர்வதில்லை. 2019 நவம்பர் 18 அன்று மோனரோவின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே புகுந்து, பதிவிறக்கும் வாலட் மென்பொருளை மாற்றி வைத்துவிட்டார்கள். நிறுவியவரின் இரகசியச் சொற்கள் திருடனுக்குப் போயின. தன் கோப்பின் ஹாஷ் எண் (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) வெளியிடப்பட்ட எண்ணோடு பொருந்தவில்லை என்று ஒரு பயனர் கவனித்துச் சொன்னதால்தான் விஷயம் வெளிவந்தது. சரிபார்க்காமல் நிறுவியவர்களில் பணம் இழந்தவர்கள் உண்டு. 2023 செப்டம்பரில் அதே மோனரோ சமூகம் டெவலப்பர்களுக்குச் சம்பளம் தர வைத்திருந்த பொது வாலட்டிலிருந்து சுமார் 2,675 காயின்கள் ஒரேயடியாகப் போயின. சாவி இரண்டே பேரிடம் இருந்தது. எப்படிப் போனது என்று அறிவிப்பு வந்தபோது அவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தில் கழிக்க முடியாது. ஏமாந்த பணம் வரிக் கணக்கிலும் திரும்பாது.

ஆகவே புதிதாக ஒரு பிரைவசி காயின் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால், பொது அறிவிப்பு வந்த நாளுக்கும் முதல் பிளாக் வெட்டப்பட்ட நாளுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். அறிவிப்பன்று எத்தனை சதவீதம் வெட்டப்பட்டிருந்தது என்று கேளுங்கள். ‘பல வருடமாக இருக்கிறது’ என்பவரிடம், காயினோடு தொடர்பில்லாத மூன்றாம் மனிதர் ஒருவர் அந்தக் காலத்தில் எழுதி வைத்த சாட்சியைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தக் காயின் எண்ணிக்கையை வெளியாள் ஒருவர் கூட்டிப் பார்க்க முடியுமா, முடியாவிட்டால் கள்ளக் காயின் வந்திருப்பது எப்படித் தெரியும் என்று கேளுங்கள். கோட்டைத் தணிக்கை செய்தவர்கள் யார், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார், தலைமை டெவலப்பர் நாளை மறைந்தால் மற்றவர்களால் நடத்த முடியுமா என்றும் கேளுங்கள். வாலட் மென்பொருளை இறக்கினால் ஹாஷ் எண்ணையும் டெவலப்பரின் கையொப்பத்தையும் சரிபார்க்காமல் திறக்காதீர்கள். சரிபார்க்கும் முறை தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளும்வரை ஒரு ரூபாயும் போடாதீர்கள். கேள்விக்குப் பதிலாக ‘சீக்கிரம் வாங்குங்கள், விலை ஏறுகிறது’ என்று வந்தால் அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு, அதே செய்தி உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வந்திருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள்.