உங்களுக்குத் தெரியுமா? சம்பளம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம்!

பிழைப்புக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை என்று இரட்டைக் குதிரை ஓட்டியவர்கள் பலர். வேலையை விடாமல் சாதித்தவர்கள், விட்டுவிட்டுச் சாதித்தவர்கள், விடச் சொன்னாலும் மறுத்தவர்கள் என எல்லா ரகமும் உண்டு. சில துளிகள்...

● முப்பது ரூபாய் குமாஸ்தா
கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னை போர்ட் டிரஸ்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். நல்லவேளையாக, தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கணிதப் பித்தர்! 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் ராமானுஜன் தம்மை போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. ஆபீஸ் கணக்கிலிருந்து விடுதலை!

● மூன்றாம் வகுப்பு ஐன்ஸ்டைன்
சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் 1902இல் சேர்ந்தார் ஐன்ஸ்டைன். பதவி: மூன்றாம் வகுப்புத் தொழில்நுட்ப நிபுணர். வாரத்தில் ஆறு நாள் வேலை. சிறப்புச் சார்பியல் கட்டுரை 1905இல் வெளிவந்தபோதும் அங்கேதான் இருந்தார். மறு ஆண்டு பதவி உயர்வு வந்தது: இரண்டாம் வகுப்பு!

● காபிக்கு ஐந்து பவுண்டு
47 நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி டிரோலப், தபால் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தவர். அதிகாலை ஐந்தரை மணிக்கு எழுத்து மேசைக்கு வந்துவிடுவார். அதற்கு முன் எழுப்பிக் காபி கொடுப்பதற்கென்றே பணியாளருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை! பிரிட்டிஷ் தெருக்களின் தூண் வடிவத் தபால் பெட்டிக்கு 1852இல் வழிகாட்டியவரும் இவரே.

● பகலில் இன்ஷூரன்ஸ், இரவில் இலக்கியம்
பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை அதிகாரியாக இருந்தவர் ஃபிரான்ஸ் காஃப்கா. மதியம் இரண்டு மணியோடு ஆபீஸ் முடிந்துவிடும், பிறகு ஒரு தூக்கம், இரவில் எழுத்து. 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், விடிகாலை ஆறு மணிக்குள் ஒரு சிறுகதையை முழுதாக முடித்துவிட்டார். மர இழைப்பு இயந்திரங்களில் தொழிலாளர்களின் விரல் போகாமல் தடுப்பது எப்படி என்று படத்துடன் அறிக்கை எழுதியதும் இதே கைதான்.

● நன்கொடை வேண்டாம், வங்கி போதும்
கவிஞர் டி. எஸ். எலியட் 1917 முதல் லண்டன் லாயிட்ஸ் வங்கியில் பணியாற்றினார். அவரை வங்கியிலிருந்து மீட்டுவிட வேண்டும் என்று நண்பர் எஸ்ரா பவுண்டு 1922இல் ஒரு திட்டம் போட்டார்: 30 பேர், ஆளுக்கு ஆண்டுக்குப் பத்து பவுண்டு. எலியட்டுக்கோ சங்கடம். 1925இல் ஒரு பதிப்பகத்தில் வேலை கிடைத்த பிறகே வங்கியை விட்டார்.

● ஹார்வர்டுக்கே 'நோ'
அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் துணைத் தலைவர். கார் ஓட்டத் தெரியாது. ஆபீசுக்கு நடந்து போகும்போதே மனதுக்குள் கவிதை கட்டிவிடுவார். கடைசிக் காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தபோது, வேலையை விட வேண்டியிருக்குமே என்று மறுத்துவிட்டார்!

● உடம்பு சரியில்லையா? சந்தோஷம்!
ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் போரோடின், தொழிலால் வேதியியல் பேராசிரியர். பாடம் நடத்த முடியாத அளவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால்தான் இசைக்கு நேரம் கிடைக்கும். அதனால் நண்பர்கள் தனக்கு நோய் வர வேண்டும் என்றே வாழ்த்துவதாக வேடிக்கையாகச் சொல்வார். பல ஆண்டுகள் எழுதிய 'பிரின்ஸ் இகோர்' ஓபரா, 1887இல் அவர் இறந்தபோது முடியாமலே கிடந்தது. முடித்துவைத்தவர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும்.

● மனைவி பெயரில் புகழ்
எழுத்தாளர் சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன். குமுதத்தில் ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு உண்டு. அங்கே ரங்கராஜன், வார இதழ்களில் சுஜாதா.

● ஆபீஸ் கதை பாடமானது
ஜெமினி ஸ்டூடியோவில் அசோகமித்திரனின் வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களிலிருந்து துண்டுகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது. 1966இல் அந்த வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். 1996இல் சாகித்ய அகாடமி விருது. ஸ்டூடியோ நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் ஒரு பகுதி, என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது.

● ஆசைக்குச் சம்பளம், ஆனால் குறைவு
இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலய ஆர்கன் வாசித்தும் இசை கற்பித்தும் சம்பாதித்தவர் வில்லியம் ஹெர்ஷல். தாமே செய்த தொலைநோக்கியால் 1781 மார்ச் 13 அன்று வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸைக் கண்டார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுத்து வானியலுக்கே அழைத்துக்கொண்டார். இசையில் வந்ததைவிட இது குறைவு. பற்றாக்குறைக்குத் தொலைநோக்கி செய்து விற்றார்!

● பிளம்பர் வந்திருக்கிறார்
நியூயார்க் இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் நாற்பது வயதைத் தாண்டும் வரை பிளம்பர் வேலையும் டாக்ஸி ஓட்டுவதுமாக இருந்தார். பாத்திரம் கழுவும் இயந்திரம் பொருத்தப் போன வீட்டில் இருந்தவர் பிரபல கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். அடையாளம் கண்டு அதிர்ந்துபோனாராம். 1976இல் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் இவரது படைப்பு அரங்கேறிய பிறகும் டாக்ஸி ஓடியது.

● பரிசு கொடுத்தால் ஆசை குறையுமா?
1973இல் வெளியான ஓர் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஆர்வமுள்ள குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வைத்தபோது, மற்றக் குழந்தைகள் வரைந்ததில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் அவர்கள் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. பொழுதுபோக்கைத் தொழிலாக்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

● டிக்கியில் தொடங்கிய நைக்கி
நைக்கி காலணி நிறுவனத்தின் முன்னோடியை 1964இல் தொடங்கிய ஃபில் நைட், கார் டிக்கியில் ஷூக்களை வைத்து விற்றார். வயிற்றுப்பாட்டுக்குக் கணக்காளர் வேலை, பிறகு கல்லூரியில் பாடம் நடத்துவது. முழுநேரமாக இறங்கியது 1969இல்தான். வேலையில் இருந்தபடியே தொழில் தொடங்கி, பிறகு முழுநேரத்துக்கு மாறுபவர்கள், எடுத்த எடுப்பில் வேலையை விடுபவர்களைவிடக் குறைவாகவே தோற்கிறார்கள் என்று 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வும் சொல்கிறது.

● அரசு ஊழியர் கதை எழுதலாமா?
தாராளமாக! மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15ஆம் விதி, முன் அனுமதியின்றித் தனி வியாபாரமோ வேறு வேலையோ கூடாது என்கிறது. ஆனால் அவ்வப்போது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு அந்த அனுமதி தேவையில்லை. நிபந்தனை: அரசு நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும். நாவலை எழுதுங்கள், ஃபைலை முடித்துவிட்டு!