ரிம் பளபளக்கிறது, உறுதியாக இருக்கிறதா?

விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் அப்பாவைச் சுமப்பது எது? காலையில் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவது எது? சம்பளம் போட்ட மறுநாள் பட்டணத்திலிருந்து அரிசி மூட்டையை வீடு கொண்டுவந்து சேர்ப்பது எது? வாசலில் நிற்கும் கப்சாய்தான். 1958-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் என்ற சிறிய வண்டியின் வழிவந்தது இந்தக் குடும்பம்.

இஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற மறக்காத நாம், சக்கரத்தை மட்டும் அது செம்மண் நிறமாகத் துருவேறிய பிறகே திரும்பிப் பார்க்கிறோம். தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூசும்போது, "அப்பா, வண்டி ரிம்முக்கும் பவுடர் கோட்டிங் போட்டுவிடலாமே" என்று மகன் கேட்பான். கேட்பதில் தவறில்லை. ஆனால், வெளுத்ததெல்லாம் பாலாகிவிடுமா? பணத்தை எடுக்கும் முன் சில செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

துரு எப்படி வருகிறது?

ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் ரிம்மில் சிந்தினால் அதை அரிக்கும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அது ஒரு வகை உப்பு. உர மூட்டை ஏற்றிய வண்டியின் சக்கரத்தில் அந்த உப்பும் சேறும் ஒட்டிக்கொள்கின்றன. இரும்பு ரிம்மின் மேலுள்ள குரோம் முலாம் மெல்லிய தோல் போன்றது. அதிலுள்ள நுண்ணிய வெடிப்புகளின் வழியே உப்புநீர் இறங்கி, அடியிலுள்ள இரும்பைத் தின்கிறது. கம்பித் துளைகளின் வழியாக ரிம்மின் உட்புறத்திலும் தண்ணீர் புகும். டயர் மூடியிருப்பதால் அந்தத் துரு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் சோதனை

டயரையும் டியூபையும் கழற்றி, உள்ளேயிருக்கும் ரப்பர் பட்டையை நீக்கிப் பாருங்கள். துருவை ஒரு திருப்புளியால் சுரண்டுங்கள். மேலாகப் பொடி மட்டும் உதிர்ந்தால் ரிம்மைக் காப்பாற்றலாம். தகடு தகடாகப் பெயர்ந்தாலோ, கம்பித் துளையைச் சுற்றி வெடிப்பு இருந்தாலோ, அந்த ரிம்முக்கு ஒரு காசும் செலவழிக்காதீர்கள். சாயம் வெடிப்பை மறைக்குமே தவிர, ஒட்ட வைக்காது.

அடுத்து, ஒவ்வொரு கம்பியையும் சிறிய ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும். தளர்ந்த கம்பிகளைச் சரிசெய்வதே முதல் செலவாக இருக்கட்டும்.

பவுடர் கோட்டிங் என்றால் என்ன?

இது திரவச் சாயம் அன்று, உலர்ந்த தூள். மின்னேற்றம் பெற்ற தூள், பூமியோடு இணைத்த உலோகத்தின் மீது போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைச் சூட்டறையில் வைத்து, பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேக வைப்பார்கள். தூள் உருகிப் பரவி, கெட்டியான தோலாகிவிடும். சாதாரண ஸ்ப்ரே சாயத்தைவிட இது தடிப்பாகவும் நெடுநாளைக்கும் நிற்கும்.

அப்படியானால் செலவு எங்கே ஏறுகிறது? தூளில் அன்று, வேலையில்தான். கம்பிச் சக்கரத்தை முழுதாகப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான கப்சாய்களில் ஒரு சக்கரத்துக்கு 36 கம்பிகள். பெயரும் குரோமையும் துருவையும் மணல் வீசி நீக்க வேண்டும். நடுவிலுள்ள ஹப்புக்கும் பூசுவதானால் பேரிங்கைக் கழற்ற வேண்டும். பிரேக் கட்டை உரசும் உட்பரப்பில் தூள் படாமல் மறைக்க வேண்டும். பிறகு மீண்டும் கம்பி கோத்து, ஆட்டமில்லாமல் நேராக்க வேண்டும். ஆகவே, பூச்சுக்கு விலை கேட்கும் அன்றே புதிய இரும்பு ரிம்மின் விலையையும் கேட்டுவிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் புதியதே மேல்.

வார்ப்பு அலுமினிய ஸ்போர்ட் ரிம் வைத்திருப்பவர்கள், "எவ்வளவு சூட்டில் வேக வைப்பீர்கள்? பழைய சாயத்தை எப்படி எடுப்பீர்கள்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நெருப்பு வைத்துச் சாயத்தை எரிப்பதாகச் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அளவு மீறிய சூடு அலுமினியத்தின் பலத்தைக் குறைத்துவிடும்.

குறைந்த செலவில் வீட்டிலேயே

மேல்துரு மட்டும் உள்ள இரும்பு ரிம்முக்கு ஸ்ப்ரே சாயமே போதும். கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காய வையுங்கள். துருவையும் பெயரும் குரோமையும் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்குங்கள். பிறகு முதலில் சொரசொரப்பான மணல் தாள், அடுத்து மெல்லிய தாள் என்று தேயுங்கள். பழைய குரோமின் விளிம்பு விரலில் தட்டுப்படக் கூடாது. தின்னரில் நனைத்த துணியால் துடைத்த பின் ரிம்மைக் கையால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது.

துருத் தடுப்பு அடிச்சாயம் இரண்டு மெல்லிய பூச்சு, அதன்மேல் நிறச் சாயம் மூன்று மெல்லிய பூச்சு. ஒரே முறையில் கனமாக அடித்தால் வழிந்துவிடும். மழை வரும் மாலைப் பொழுதில் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் சாயம் வெளுத்து மங்கும். பனி காய்ந்த காலை நேரமே நல்லது. ஒரு முழு நாளாவது காய விட்டு, உட்புறத்தில் புதிய ரப்பர் பட்டை போட்டு டயரை மாட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

சமையல் அடுப்பிலோ ரொட்டி சுடும் அடுப்பிலோ பூச்சை வேக வைக்காதீர்கள். பெட்ரோலால் கழுவாதீர்கள், அதன் ஆவி தொலைவில் உள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும். அலுமினியத்தின் மேல் காஸ்டிக் சோடா ஊற்றாதீர்கள். உலோகம் கரைவதோடு, தீப்பற்றும் வாயுவும் கிளம்பும். வெட்டவெளியில், மூக்கை மூடிக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி வேலை செய்யுங்கள்.

எந்தப் பூச்சு போட்டாலும், உரம் ஏற்றிய நாளில் சக்கரத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு ஈடான சிக்கனம் வேறில்லை. கையில் இருக்கும் வெள்ளி இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், கம்பியையும் டயரையும் பிரேக்கையும் முதலில் பாருங்கள். பளபளப்பு அடுத்த தீபாவளி வரை காத்திருக்கட்டும். அந்தச் சக்கரத்தை நம்பித்தானே உங்கள் பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்கிறது!