கேட்டாலும் காசு

1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவில் பேசப்பட்ட முதல் செல்போன் அழைப்பு அதுதான்.

இன்றைய தேனி மாவட்டம் அப்போது மதுரை மாவட்டத்தோடு இருந்தது. செல்போன் உரிமமோ முதலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு மட்டும். அதனால் தேனிப் பக்கத்துப் போடியிலும் கம்பத்திலும் வெளியூர்ச் சந்தை விலை கேட்க எஸ்.டி.டி. பூத்தான் கதி.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: மலை. செல்போன் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலை நின்றால் மறுபக்கம் சிக்னல் படுத்துவிடும். அதனால் சமவெளியைவிட இங்கே கோபுரங்களை யோசித்து, இடம் பார்த்து நட வேண்டும்.

ஆரம்ப வருடங்களில் பேசினாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. வரும் அழைப்புகள் நாடு முழுக்க இலவசமானது 2003 மே மாதத்தில்.