ஐ.டி. வேலையை விட்டுட்டு சினிமாவுக்குப் போகலாமா? பேப்பர் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு!

சிறுசேரி சிப்காட்டில் இருந்து ஓ.எம்.ஆர். சாலையிலேயே தெற்கே போனால், திருப்போரூர் தாண்டி பையனூர் வரும். சிறுசேரியில் ஐ.டி. கம்பெனிகள். பையனூரில் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் படப்பிடிப்புத் தளம். அதற்கும் அந்தப் பக்கம் மாமல்லபுரம். எல்லாமே செங்கல்பட்டு மாவட்டம்தான், ஒரே சாலைதான். ஆனால் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து கதை யோசிப்பவருக்கு இந்தத் தூரத்தைக் கடக்க சில வருடங்கள் ஆகலாம். அந்த வருடங்களை எப்படி ஓட்டுவது என்பதுதான் கேள்வி.

கார்த்திக் சுப்புராஜும் லோகேஷும் எப்படி வந்தாங்க?

'வேலையைத் தூக்கிப் போட்டார், டைரக்டர் ஆனார்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். நடுவில் நடந்ததுதான் முக்கியம்.

கார்த்திக் சுப்புராஜ் சாஃப்ட்வேர் இன்ஜினியர். குறும்படங்கள் எடுத்து, கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' போட்டி மூலம் வெளியே தெரிந்தார். முதலில் எடுக்க நினைத்தது 'ஜிகர்தண்டா'. அதற்குப் பெரிய பட்ஜெட் தேவை என்பதால், சின்ன செலவில் முடிக்கக்கூடிய 'பீட்சா'வை முதலில் எடுத்தார். 2012-ல் அது வெற்றி பெற்ற பிறகே, 2014-ல் 'ஜிகர்தண்டா' வந்தது.

லோகேஷ் கனகராஜ் வங்கி ஊழியர். யாரிடமும் உதவி இயக்குநராக இருந்ததில்லை. கார்ப்பரேட் ஊழியர்களுக்கான ஒரு குறும்படப் போட்டியில் கலந்துகொண்டார். அங்கே நடுவர் யார் தெரியுமா? அதே கார்த்திக் சுப்புராஜ்! அவர் கொடுத்த ஊக்கத்தோடு, 2016-ல் வெளியான 'அவியல்' தொகுப்பில் லோகேஷின் குறும்படமும் இடம்பெற்றது. அடுத்த வருடம் 'மாநகரம்'. 2019-ல் 'கைதி'.

இரண்டு பேருக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். தயாரிப்பாளரிடம் போகும்போது 'எனக்கு ஆசை இருக்கு சார்' என்று மட்டும் சொல்லவில்லை. போட்டுக் காட்ட கையில் ஒரு படம் இருந்தது.

வேலையில் இருந்துகொண்டே குறும்படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் ஆஃபர் லெட்டரை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். வெளியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று பல கம்பெனிகளில் விதி உண்டு. குறும்படத்தில் வருமானம் வந்தால் ஹெச்.ஆரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

சனி, ஞாயிறில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. செல்ஃபி எடுக்கலாம், படப்பிடிப்புக்கு அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் போனால் ஒரு நாள் செலவு மொத்தமும் வீண்.

பேப்பர் போடுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

கிராஜுவிட்டி: நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர் பணி தேவை. கடைசி அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் மட்டும் 40,000 ரூபாய், 6 வருட சர்வீஸ் என்றால் சுமார் 1.38 லட்சம் கிடைக்கும். 5 வருடம் முடிய சில மாதங்களே பாக்கி என்றால், பொறுத்திருப்பது லாபம்.

மருத்துவக் காப்பீடு: கம்பெனி கொடுக்கும் குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். அதில் அப்பா, அம்மாவும் இருந்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு போச்சு. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு. கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள்.

பி.எஃப்.: பணம் எடுக்கும் விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. மொத்தமும் உடனே கைக்கு வந்துவிடும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம்.

மாதச் செலவு: வாடகை, இ.எம்.ஐ., வீட்டுச் செலவு சேர்ந்து மாதம் 30,000 ரூபாய் என்றால், 2 வருடத்துக்கு 7.2 லட்சம். இது சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் மட்டும்தான். படம் எடுக்கும் செலவு தனி.

ஜெயிக்காதவங்க கதை?

அது யூடியூப் பேட்டிகளில் வராது. வேலையை விட்டு வந்து, கதை சொல்லிச் சொல்லியே வருடங்களைக் கடத்தியவர்கள் கோடம்பாக்கத்தில் உண்டு. பழைய வேலைக்கே திரும்பியவர்களும் உண்டு. திரும்பிப் போவது அவமானம் இல்லை. ஆனால் ரெஸ்யூமேயில் இடைவெளி நீள நீள, திரும்புவது கஷ்டமாகிக்கொண்டே போகும். அதனால் எவ்வளவு நாள் முயற்சி செய்வது என்று ஒரு தேதியை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியை வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். ஏனென்றால், அந்த நாட்களில் குடும்பச் சுமையைத் தாங்கப் போவது அவர்கள்தான்.

இப்போது முடிவு எடுக்க முடியவில்லையா? அடுத்த இரண்டு வீக்எண்டில் 10 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடியுங்கள். முடித்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால், மேலே சொன்ன கணக்கை உட்கார்ந்து போடுங்கள்.