உதிரும் உரோமமும் வீட்டு முயலும்

சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்களில் அடுக்குமாடி வீடுகள் பெருகியபின், நாய்க்கு இடமில்லாத குடும்பங்கள் சில முயலை வளர்க்கத் தொடங்கியுள்ளன. ஓசையின்றி ஒரு மூலையில் அடங்கியிருக்கும் அவ்வுயிர், ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வீடு முழுவதும் தன் இருப்பை அறிவிக்கும். தரை, மெத்தை, பள்ளிச் சீருடை என எங்கும் வெண்பஞ்சு போன்ற உரோமம் படியும்.

தெலுங்கில் ‘குந்தேலு’ என்றும் தமிழில் ‘முயல்’ என்றும் வழங்கும் பெயர் இருவேறு விலங்குகளைக் குறிக்கின்றது. நம் காடுகளில் ஓடும் காட்டுமுயல் ஓரினம். அதைப் பிடித்து வளர்த்தல் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்வது ஐரோப்பாவில் தோன்றிய வளைமுயலின் வழிவந்தது. அதன் முன்னோர்க்குக் குளிர்காலத்திற்கு அடர்ந்த உரோமமும் கோடைக்கு மெல்லிய உரோமமும் தேவைப்பட்டன. ஆகவே பருவம் மாறும்போது பழைய உரோமம் உதிர்ந்து புதியது முளைக்கும். இடையிடையே சிறிதளவு உதிர்தலும் இயல்பே.

இம்மாற்றத்தைத் தூண்டுவன பகற்பொழுதின் நீளமும் வெப்பநிலையும் ஆகும். இலண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணிநேரத்திற்கு மேல் வேறுபாடு உண்டு. திருப்பதியிலோ அது ஏறத்தாழ ஒன்றரை மணிநேரமே. போதாக்குறைக்கு இரவு நெடுநேரம் மின்விளக்கு எரிகின்றது. எனவே நம்மூர் வீட்டுமுயலின் உதிர்வு, நூல்களில் கூறப்படும் மாதங்களில்தான் நிகழும் என எதிர்பார்த்தல் இயலாது. நாட்காட்டியைவிட முயலின் முதுகைப் பார்ப்பதே நலம்.

உதிர்வு வெறும் துப்புரவுச் சிக்கல் அன்று. முயல் தன் உடலை நாவால் நக்கித் தூய்மை செய்யும். அப்போது உரோமத்தையும் விழுங்கும். பூனை விழுங்கிய உரோமத்தை வாந்தியாக வெளியேற்றிவிடும். முயலால் வாந்தி எடுக்க இயலாது. உட்சென்றது குடல் வழியாகவே வெளிவர வேண்டும். நார்ச்சத்து மிக்க உணவு குடலைத் தொடர்ந்து இயங்கச் செய்யுமாயின் அது புழுக்கையோடு வெளியேறிவிடும். உணவில் நார் குறைந்தாலோ, நீர் போதாவிட்டாலோ குடல் இயக்கம் தளரும். உரோமமும் உணவும் வயிற்றில் இறுகும். உரோமத்தால் கோத்த மணிமாலைபோலப் புழுக்கைகள் தொடர்ந்து வருதல் முதல் எச்சரிக்கை. புழுக்கை சிறுத்தல் அடுத்தது. உணவு உண்ணாமலும் புழுக்கை இடாமலும் அரைநாள் கழிந்தால் அது உயிருக்கே ஆபத்து. ‘நாளை பார்க்கலாம்’ என்று காத்திருத்தல் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். திருப்பதியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது.

அன்னாசிச் சாறு விழுங்கிய உரோமத்தைக் கரைத்துவிடும் என்று சிலர் நம்புவர். அது கரைப்பதில்லை, அதிலுள்ள சர்க்கரை முயலின் குடலுக்குக் கேடே தரும்.

உணவில் பெரும்பகுதி உலர்புல்லாக இருத்தல் வேண்டும். கடையில் விற்கும் வெளிநாட்டு உலர்புல் விலை மிகுதி. அதற்கு நல்ல மாற்று நம் கண்முன்னே உள்ளது. தெலுங்கில் ‘கரிக’ எனப்படும் அருகம்புல்லை நிழலில் நன்கு உலர்த்திக் கொடுக்கலாம். காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்தான்! ஆனால் சாத்திக் கழித்த ஈரமாலையைக் கொடுத்தல் ஆகாது. பூசணம் பிடித்த புல்லும், பூச்சிமருந்து தெளித்த இடத்துப் புல்லும் நஞ்சாகும். தூய நீர் எப்போதும் இருக்க வேண்டும்.

உதிர்வு மிகும் நாள்களில் நாள்தோறும் பத்து நிமிடம் மென்மையான தூரிகையால் உரோமம் வளர்ந்த திசையிலேயே சீவ வேண்டும். ஈரக் கையால் தடவினாலும் தளர்ந்த உரோமம் ஒட்டிக்கொண்டு வரும். முயலின் தோல் மிக மெல்லியது. சிக்கைக் கத்தரியால் வெட்ட முயன்றால் தோலும் கிழியலாம். நீராட்டுதலும் கூடாது. அஞ்சிய முயல் பின்னங்கால்களை வேகமாக உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்வதுண்டு. ஆகவே மேசைமீது நிறுத்திச் சீவுவதைவிடத் தரையில் அமர்ந்து, மடியருகில் வைத்துச் சீவுதல் பாதுகாப்பானது. இளையோர்க்கு இதுவே தக்க முறை.

வழுக்கை தெரியும் இடமெல்லாம் இயல்பான உதிர்வு எனக் கொள்ளலாகாது. இயல்பான உதிர்வில் பழைய உரோமத்தின் அடியில் புதியது பெரும்பாலும் தென்படும். தோல் செதிலாகி, முயல் சொறிந்துகொண்டே இருந்தால் உண்ணிப்பூச்சிகள் காரணமாகலாம். பெண்முயல் தன் மார்பு உரோமத்தைத் தானே பிடுங்கி ஓரிடத்தில் குவித்தால், அது குட்டிகளுக்கு மெத்தை அமைக்கின்றது. கருவுறாத முயலும் சிலவேளை அவ்வாறு செய்யும்.

கோடையில் இன்னொரு கவலை சேரும். மே மாதத் திருப்பதியில் வெயில் 40 பாகையைக் கடக்கும். முயலுக்கோ 30 பாகைக்கு மேலேயே துன்பம் தொடங்கிவிடும். அதற்கு வியர்ப்பதில்லை, நீண்ட செவிகளின் இரத்தக்குழாய்கள் வழியாகவே வெப்பம் வெளியேறும். உதிர்ந்தும் விழாமல் உடலிலேயே தங்கிய பழைய உரோமம் போர்வைபோல் வெப்பத்தை அடக்கிவைக்கும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் ஒருநாளும் சீவுதலைத் தவறவிடலாகாது. குளிர்ந்த தரைக்கல் ஒன்றையும், நீர் நிறைத்து உறையவைத்துத் துணி சுற்றிய புட்டி ஒன்றையும் அருகில் வைத்தால், முயல் தானே அதன்பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

அருஞ்சொற்பொருள்: உரோமம் – விலங்கின் உடல் மயிர், புழுக்கை – ஆடு, முயல் முதலியவற்றின் உருண்டைச் சாணம், தூரிகை – பிரஷ், பாகை – டிகிரி.