ஃபிளாண்டர்ஸ் சாலையில் இந்தியப் பெயர்கள்

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலிருந்து பிரான்ஸின் நவ் ஷபேல் கிராமத்துக்குக் காரில் சுமார் ஒரு மணி நேரம். முதல் உலகப் போரில் நான்கு ஆண்டுகள் ரத்தம் குடித்த மண் இது. இன்று வழியெங்கும் வயல்கள். உழும்போது பழைய பீரங்கிக் குண்டுகள் இன்னமும் கிளம்புகின்றன. விவசாயிகள் அவற்றை வரப்போரம் வைத்துவிட்டு ராணுவத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

ஈப்பர் (பெயர் வாயில் நுழையாத பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு 'வைப்பர்ஸ்') போரில் தரைமட்டமாகி, பழைய சாயலிலேயே திரும்பக் கட்டப்பட்ட ஊர். 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில், கல்லறை இல்லாத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். இந்தியர்களும் உண்டு. தினமும் இரவு 8 மணிக்கு அங்கே எக்காளம் ஊதி அஞ்சலி செலுத்துகிறார்கள். சுற்றுலாக் கூட்டம் முழுவதும் இங்கேதான்.

தெற்கே போகிறவர்கள் குறைவு. கொஞ்ச தூரத்தில் ஹொலபெகெ. 1914 அக்டோபர் 31 அன்று இங்கே சகாக்கள் அனைவரும் இறந்த பிறகும் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கினார் பலூச்சி படைப்பிரிவின் குதாதாத் கான். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய். அவர் பிறந்த சக்வால் இப்போது பாகிஸ்தானில்.

எல்லை தாண்டினால் நவ் ஷபேல். மார்செய்யில் வந்திறங்கி ஆறு மாதம்கூட ஆகாத இந்தியப் படை, ஐரோப்பியக் குளிரைப் பதுங்குகுழிகளில் கழித்துவிட்டு 1915 மார்ச் 10 அன்று இங்கே தாக்குதலில் இறங்கியது. 35 நிமிடக் குண்டுமழைக்குப் பின் கிராமம் கைக்கு வந்தது. அதற்கு மேல் முன்னேற முடியவில்லை. மூன்றே நாளில் சண்டை ஓய்ந்தது. இந்தியத் தரப்பில் மட்டும் இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாகச் சுமார் 4,200 பேர். யாருடைய சண்டைக்கு இத்தனை உயிர் என்ற கேள்வியை அன்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் நாளிலேயே விழுந்தவர் கப்பர் சிங் நேகி. கட்வால் ரைஃபிள்ஸ்காரர், 20 வயது நிரம்பவில்லை. அவருக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது, இறந்த பிறகு.

புது தில்லியின் தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கர்தான் இங்குள்ள இந்திய நினைவுச் சின்னத்தையும் அமைத்தார். 1927இல் திறப்பு. வட்டமான சுவர், அதில் நம் ஊர் ஜாலி வேலைப்பாடு, தாமரை முகப்புள்ள உயர்ந்த தூண், இருபுறமும் கல் புலிகள். கல்லறை இல்லாத 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் படைப்பிரிவு வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். ஜீலம், கட்வால், நேபாள மலைகள் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். கட்வாலிகளின் வரிசையில் தேடினால் நேகியின் பெயரும் கிடைக்கிறது.